மதிலுக்கு அப்பாலும் நம் பிள்ளைகளே

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் அயராத முயற்சியால் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாம் திகதி நம் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு திறந்தது. அந்தப் பிள்ளைக்குத் திறந்திருப்பது எந்தப் பாடசாலையின் கதவு என்பதே இன்றைய கேள்வி.

இலங்கையில் ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைகள் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கின்றன. எல்லாம் அரச பாடசாலைகள்தாம். பாடத்திட்டமும் பரீட்சையும் ஒன்றுதான். ஆனால் வசதி ஒன்றல்ல.

இந்த இடைவெளியில் பெற்றாருக்கும் ஒரு பங்குண்டு என்பது என் கருத்து. ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. அதிபர் அதன் தலைவர். பெற்றாரும் ஆசிரியர்களும் அங்கத்தவர்கள். நகரத்துப் பெரிய பாடசாலையில் இச்சங்கம் கூடினால் வைத்தியர், பொறியியலாளர், வர்த்தகர் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். நடைபவனி ஒன்று நடத்தினால் திறன் வகுப்பறை வந்துவிடும். ஆசிரியர் வெற்றிடம் ஏற்பட்டால் அடுத்த வாரமே நாலு பேர் வலயக் கல்வி அலுவலகத்தில் போய் நிற்பார்கள். கிராமத்துச் சிறிய பாடசாலையிலும் அதே பெயரில்தான் சங்கம் இருக்கிறது. அங்கே கூட்டத்துக்கு வருவதென்றால் அன்றைய கூலியை இழக்க வேண்டும். வந்தவர்களும் எழுந்து பேசத் தயங்குவார்கள்.

என் சாச்சாவின் மகளும் நானும் ஒரே வயது. அவள் ஊர்ப் பாடசாலையில் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ சித்தி பெற்றாள். அங்கே உயர்தரத்தில் கலைப்பிரிவு மட்டுமே உண்டு. விஞ்ஞானம் படிப்பதென்றால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வீட்டில் சம்மதிக்கவில்லை. இன்று அவள் கலைப்பிரிவில் படிக்கிறாள். கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அதை அவள் விரும்பித் தெரிவுசெய்யவில்லை என்பதையே சொல்கிறேன். நம் ஊர்களில் தூரம் என்பது பெண்பிள்ளைகளின் கல்வியைத்தான் முதலில் நிறுத்துகிறது.

தம் பிள்ளைக்காக உழைக்கும் பெற்றாரைக் குறை கூற முடியாது. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அப்படிப்பட்ட காலங்களில் பாடசாலைகளைத் தாங்கி நிற்பவர்கள் பெற்றார்களே. ஆனாலும் ஒவ்வொரு சங்கமும் தன் மதிலுக்குள்ளேயே உழைத்தால், உள்ளவன் பாடசாலை உயரும். இல்லாதவன் பாடசாலை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லன்ட் நகர அரச பாடசாலைகளில், ஒரு பாடசாலையின் பெற்றார் திரட்டும் நிதி பத்தாயிரம் டொலரைத் தாண்டினால், மேலதிகத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குச் செல்லும் விதி நீண்டகாலம் இருந்தது. அப்படியிருந்தும் வசதியான பாடசாலைகள் பெற்றார் பணத்தில் கூடுதல் ஆசிரியர்களை வைத்துக்கொண்டன. 2024இல் கல்விச் சபை அந்த முறையையே நிறுத்தத் தீர்மானித்தது. பணத்தைப் பகிர்ந்தால் மட்டும் போதாது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

பணத்தை விடப் பெரியது குரல். பெரிய பாடசாலைச் சங்கம் தன் பாடசாலைக்கு ஆசிரியர் கேட்டுக் கடிதம் எழுதும்போது, பக்கத்துச் சிறிய பாடசாலையின் வெற்றிடத்தையும் அதே கடிதத்தில் சேர்க்கட்டும். ஒரு வலயத்தின் சங்கங்கள் எல்லாம் தவணைக்கு ஒரு முறையாவது ஒன்றாகக் கூடட்டும். எங்கே எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்ற பட்டியலைத் தயாரித்து, எல்லோரும் கையொப்பமிட்டுக் கொடுக்கட்டும். சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் ஆய்வுகூடங்களை அயல் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடட்டும். தூரத்துப் பிள்ளைகளுக்காக, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்காக, பல ஊர்ப் பெற்றாரும் சேர்ந்து ஒரு வாகனத்தை ஒழுங்கு செய்யட்டும்.

“இதெல்லாம் அரசாங்கத்தின் கடமை அல்லவா?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆசிரியரை நியமிப்பதும் கட்டடம் கட்டுவதும் அரசின் பொறுப்பே. அந்தப் பொறுப்பை அரசுக்கு நினைவூட்டும் பலம் சில பெற்றாரிடம் கூடுதலாக இருக்கிறது. அதைத் தம் பிள்ளைக்கு மட்டும் பயன்படுத்துவதா, ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் பயன்படுத்துவதா என்பதையே நான் கேட்கிறேன்.

இது நமக்குப் புதிய பாதையும் அல்ல. இலவசக் கல்வி வந்த அதே 1945இல் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தைத் தொடங்கினார்கள். அது ஒரு பாடசாலைக்கென்று ஏற்பட்டதல்ல. வசதியற்ற மாணவர்களின் உயர்கல்விக்கென ஏற்பட்டது. அயலவர் பசித்திருக்க நாம் மட்டும் வயிறாற உண்பது தகாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அறிவுப் பசியும் பசிதானே!

தோழிகளே, இன்னும் சில வருடங்களில் நாமும் பழைய மாணவிகள் ஆவோம்; பின்னர் பெற்றார் ஆவோம். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நமக்கும் ஒரு கதிரை கிடைக்கும். அன்று நம் பாடசாலைக்கு என்ன வேண்டும் என்று கேட்ட கையோடு, பக்கத்துப் பாடசாலைக்கு என்ன இல்லை என்றும் கேட்போம்.