பென்ஷன் யாருக்கு?

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் வீட்டில் சென்ற ஐப்பசி மாதம் இரண்டு நாள் தங்கியிருந்தோம். ஒரு வாரமாக அங்கு அடைமழை. நண்பர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, "60 வயது வரையில் ஓடியோடி உழைத்தேன். இந்த வாரம் முழுவதும் நானும் என் சம்சாரமும் ஒரு வேலையுமில்லாமல் வீட்டில் நிம்மதியாய் இருந்தோம்" என்றார்.

அவர் இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் எங்களுக்குக் காப்பி வைத்துவிட்டு, தாழ்வாரத்தில் உலராமல் தொங்கிய நண்பருடைய வேஷ்டிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். குளிக்க வெந்நீர், இரு வேளைச் சமையல், மூன்று வேளைக் காப்பி, மழைக்கு இதமாக நண்பர் கேட்ட பஜ்ஜி, ஒழுகுகிற இடத்தில் வைத்த பாத்திரம் நிரம்பினால் எடுத்து ஊற்றுவது ஆகிய இவ்வளவும் செய்தது யார் என்று கேட்டோம். "அதெல்லாம் வீட்டு வேலைதானே!" என்றார் நண்பர்.

தோழர்களே! இந்தத் "தானே" என்கின்ற சொல்லில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆண் செய்தால் உத்தியோகம், அதற்குச் சம்பளம், விடுமுறை, பென்ஷன் எல்லாம் உண்டு. பெண் செய்தால் அது வேலையே அல்ல. வேலையே அல்லாததற்கு ஓய்வு ஏது? சர்க்கார் உத்தியோகஸ்தன் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் புருஷன் செத்த பிறகல்லவா கைக்கு வருகிறது? அப்படியானால் அது அவன் உழைப்புக்குக் கொடுக்கும் மிச்சமே தவிர, அவள் உழைப்புக்குக் கொடுக்கும் கூலி எப்படியாகும்?

இது ஏதோ ஒரு வீட்டுச் சங்கதி என்று எண்ணவேண்டாம். 2019இல் இந்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நூற்றுக்கு 81 பேர்; ஆண்களோ 26 பேர். அப்படிச் செய்கிறவர்களிலும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஆண் 97 நிமிஷமும் செலவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, ஓய்வு வயதும் இல்லை.

"அவள்தான் என்னை அடுப்பங்கரைக்குள் விடுவதில்லை" என்கிறார்கள். விடாதபடி அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? பதிவிரதை தர்மம் என்றும், தலையெழுத்து என்றும் பிள்ளைப் பருவம் முதல் ஊட்டி வளர்த்துவிட்டு, பிறகு அவளே அதை விரும்புகிறாள் என்று சாட்சி சொல்ல வைப்பது யோக்கியமாகுமா?

சட்டம்கூடக் கொஞ்சம் கண் விழித்திருக்கிறது. புருஷன் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. நீதிமன்றத்துக்குத் தெரிந்தது சாய்வு நாற்காலிக்கு ஏன் தெரியவில்லை?

செய்கிறவர்கள் நிறுத்தினால்தான் தெரியும்போலும். ஐஸ்லாந்து தேசத்தில் 1975 அக்டோபர் 24ஆம் தேதி, இதேபோன்ற இலையுதிர் காலத்து நாளொன்றில், பெண்களில் சுமார் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உத்தியோகம், சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு நிறுத்தினார்கள். தகப்பன்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போக நேர்ந்தது. அடுத்த வருஷமே அந்நாட்டில் ஆண் பெண் சமத்துவச் சட்டம் நிறைவேறிற்று.

நம் பெண்கள் அவ்வளவு தூரம் போகும்வரை நாம் காத்திருக்கவேண்டியதில்லை. மேடையில் பெண் விடுதலை பேசி மாலை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் "காப்பி எங்கே?" என்று கேட்கிற நம் தோழர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்லுகிறோம். ஓய்வு பெற்ற தோழர்களே! ஒரே ஒரு வாரம் நீங்கள் அடுப்பைப் பாருங்கள். அந்த அம்மாள் சாய்வு நாற்காலியில் உட்காரட்டும். அந்த வாரம் நிம்மதியாய்க் கழிந்ததா என்பதைப் பிறகு இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். இருவரும் ஓயாத வீட்டில் ஒருவர் பெறுவது ஓய்வல்ல, மற்றவரிடமிருந்து பறித்துக்கொண்டதேயாகும்.