சுண்ணாம்பின் கடன் கணக்கு

பொங்கலுக்கு முன் வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பது தஞ்சைத் தரணியின் நெடுநாள் வழக்கம். திண்ணையோரத்துப் பானையில் சுட்ட கிளிஞ்சலை இட்டு நீர் ஊற்றியதும், அடுப்பின்றியே அது கொதித்துப் பொங்குவதைச் சிறுவயதில் வியந்து நோக்காதவர் நம்மில் எவர்? அடியில் நெருப்பில்லை, எனில் அச்சூடு எங்கிருந்து வந்தது?

காளவாயில் பெற்ற கடன் அது. கிளிஞ்சல் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் சூட்டில் வேகும்போது கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. தூய கிளிஞ்சற் பொருள் 100 கிராமை இவ்வாறு பிரிக்க ஏறத்தாழ 178 கிலோ ஜூல் வெப்பம் செலவாகிறது. எஞ்சிய 56 கிராமுடன் நீர் சேர்ந்ததும் 65 கிலோ ஜூல் வெளிப்படுகிறது. மீதி 113 எங்கே?

நீறிய சுண்ணாம்பு ஒரு காரம். காற்றிலுள்ள கரியமில வாயுவோ ஈரத்திற் கரைந்து அமிலமாகும் இயல்புடையது. சுவரில் இவ்விரண்டும் கூட, பழைய கிளிஞ்சற் பொருளே மீண்டும் உருவாகிறது. மீதி வெப்பமும் திரும்பி வந்துவிடுகிறது. பல நாள் மெல்ல நிகழ்வதால் அது நம் கைக்குப் புலப்படுவதில்லை. வழி எதுவாயினும் வெப்பக் கணக்கு மாறாது என்னும் இவ்விதியை 1840-இல் ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஹெஸ் என்னும் அறிஞர் வெளியிட்டார்.

இக்கணக்கு அறிவுக்கு விருந்து மட்டுமன்று, எச்சரிக்கையுமாகும். ஒரு கிலோ தூய சுட்ட சுண்ணாம்பு நீறும்போது எழும் வெப்பம், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஆகவே சுண்ணாம்பின்மீது சிறிது நீரைத் தெளித்தல் ஆகாது. நிறைய நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுவதே முறை. பிளாஸ்டிக் வாளி வேண்டாம்.

கும்பகோணம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் காரமே. அது குழந்தையின் கண்ணில் தெறித்தால் கருவிழியை அரித்துப் பார்வையையே பறிக்கக்கூடும். அப்போது, காரத்தை அமிலம் முறிக்கும் என்றெண்ணி எலுமிச்சைச் சாற்றையோ புளிக்கரைசலையோ நாடுதல் பெரும் பிழை. அமிலமும் காரமும் கூடுமிடத்தில் வெப்பம் பிறக்கும். புண்பட்ட கண்ணுக்கு அது மற்றொரு துன்பம். தூய நீரே தக்க முதலுதவி. இமைகளை விரித்து, ஒட்டிய துகள்கள் அகலும்படி குறைந்தது 20 நிமிடம் நீரை இடைவிடாது ஊற்றிக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும்.

வெள்ளையடிக்கும் நாளிலும், வெற்றிலைப் பெட்டி திறந்திருக்கும் வேளையிலும் குழந்தைகள்மீது நாம் ஒரு கண் வைப்போம். அவர்தம் கண்கள் காக்கப்படும்.