காசு காத்துல போகுது! ஹைபிரிட் காரில் மைலேஜ் குறைஞ்சா பேட்டரியை திட்டாதீங்க... முதல்ல டயரைப் பாருங்க

ஸ்ரீபெரும்புதூர்:

“வாங்கின புதுசுல லிட்டருக்கு 22, 23 கொடுத்த வண்டி. இப்போ 20-ஐ தாண்ட மாட்டேங்குது. பேட்டரி போயிடுச்சோ?”

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. சொந்தக் கார் என்றால் கவலை பேட்டரியோடு முடிந்தது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் என்றால் தலைவலி வேறு மாதிரி. “நேத்து வரைக்கும் ஓடின வண்டி இன்னைக்கு ஏன் ஓடல? பெட்ரோலை என்னப்பா பண்ணே?” என்று ஓனர் ஒரு பார்வை பார்ப்பார். செய்யாத தப்புக்கு டிரைவர் தலை குனிந்து நிற்க வேண்டும்.

பேட்டரி மீதும் டிரைவர் மீதும் பழி போடும் முன், சந்தேகப்பட வேண்டிய வேறு ஆள் உண்டு. ரோட்டைத் தொட்டுக்கொண்டே கிடக்கும் நான்கு டயர்கள்தான் அது!

இத்தனைக்கும் டயருக்குப் பேர் போன வட்டாரம் இது. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயர், சியட் என்று பெரிய பெரிய தொழிற்சாலைகள் ஓடுகின்றன. பக்கத்து திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் மிச்செலின் இருக்கிறது. டயர் ஏற்றிய லாரிகள் ராத்திரி பகலாக இந்த ரோட்டில் போகின்றன. ஆனால் அதே ரோட்டில் ஓடும் காரின் டயரில் காற்று எவ்வளவு என்று கேட்டால், யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள்.

ஹைபிரிட் என்றால் என்ன?

டொயோட்டா கம்பெனி 1997 டிசம்பரில் ஜப்பானில் ‘பிரியஸ்’ காரை விற்பனைக்கு விட்டது. தொழிற்சாலையில் பெரிய அளவில் தயாரித்து விற்ற முதல் ஹைபிரிட் கார் அதுதான். இந்தியாவில் 2022-ம் ஆண்டு முதல் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி என்று வரிசையாக ஹைபிரிட் வண்டிகள் ரோட்டுக்கு வந்தன. கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் லிட்டருக்கு 27.97 கி.மீ., ஹைகிராஸ் ஹைபிரிட் 23.24 கி.மீ. தரும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு.

இந்த வண்டியில் பெட்ரோல் என்ஜினும் உண்டு, கரண்ட் மோட்டாரும் உண்டு. சாதாரண காரில் பிரேக் பிடித்தால் ஓட்டத்தின் சக்தி எல்லாம் பிரேக்கில் சூடாகி வீணாகப் போகும். ஹைபிரிட்டில் அந்த நேரம் மோட்டார் டைனமோ மாதிரி வேலை செய்து, அந்த சக்தியில் ஒரு பகுதியைப் பிடித்து பேட்டரியில் சேர்த்துவிடும். சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் டவுன் ரோட்டிலும் ஹைபிரிட் நல்ல மைலேஜ் கொடுக்கும் ரகசியம் இதுதான்.

திரும்பி வராத காசு

இங்கேதான் டயர் உள்ளே வருகிறது. காற்று குறைந்த சைக்கிளை மிதித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது, கால்தான் வலிக்கும். காரிலும் அதே கதைதான். காற்று குறைந்தால் டயர் ரோட்டில் அதிகமாக அமுங்கும். உருளும் ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் அமுங்கி விரிந்து, அமுங்கி விரிந்து சூடாகும். அந்தச் சூடு எல்லாம் பெட்ரோல் காசு.

பிரேக்கில் போகும் சக்தியை ஹைபிரிட் திரும்பப் பிடிக்கும். டயரில் சூடாகப் போனதை எந்த மோட்டாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. பிரேக் நஷ்டத்தை மிச்சம் பிடிக்கும் வண்டியில், மிச்சம் இருக்கும் நஷ்டத்தில் டயரின் பங்கு பெரிதாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் ஹைபிரிட் கார் என்ஜினை அணைத்துவிட்டு சும்மா உருண்டு போகும். டயர் ‘சொத சொத’ என்று இருந்தால் உருளும் தூரம் குறையும். வேகத்தைத் தக்கவைக்க சீக்கிரமே ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். பேட்டரி சீக்கிரம் இறங்கும், என்ஜின் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும். “முன்ன மாதிரி கரண்ட்ல ஓட மாட்டேங்குது” என்று டிரைவர் நினைப்பார். சந்தேகம் நேராக பேட்டரி மேல் போய்விடும்.

நல்ல மைலேஜ் தரும் வண்டியில் சின்ன நஷ்டமும் பளிச்சென்று தெரியும். 12 கி.மீ. கொடுக்கும் காரில் 4 சதவீதம் குறைந்தால் அரை கி.மீ. கூட இல்லை, யாரும் கவனிக்க மாட்டார்கள். 25 கி.மீ. கொடுக்கும் காரில் அதே 4 சதவீதம் முழுசாக 1 கி.மீ. மீட்டரில் தினமும் கண்ணை உறுத்தும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

பங்கில் “முப்பது வைங்க, முப்பத்தி மூணு வைங்க” என்று சொல்கிறோமே, அந்த நம்பர்தான் பி.எஸ்.ஐ. நான்கு டயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. இது பொதுவாக எல்லா கார்களுக்கும் சொல்லப்பட்டது.

மாதம் 5 ஆயிரம் கி.மீ. ஓடும் டிராவல்ஸ் வண்டி. லிட்டருக்கு 20 கி.மீ. என்றால் 250 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 25 ஆயிரம் ரூபாய். நான்கு டயரிலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்து ஓடினால் 2 சதவீதம், அதாவது மாதம் 500 ரூபாய் போச்சு.

இத்தோடு மட்டமான டயரும் சேர்ந்தால்? ஹைபிரிட் கார்களில் கம்பெனி பெரும்பாலும் லேசாக உருளும் ரக டயரைத்தான் போட்டு அனுப்புகிறது. அது தேய்ந்ததும் “எது விலை கம்மி?” என்று கேட்டு வேறு டயர் மாட்டுகிறோம். டயரின் உருளும் தடை 10 சதவீதம் மாறினால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் மாறும் என்று 2006-ல் அமெரிக்காவில் வெளியான போக்குவரத்து ஆய்வு அறிக்கை சொல்கிறது. புது டயரின் தடை 20 சதவீதம் கூடுதலாக இருந்தால் 2 முதல் 4 சதவீதம் நஷ்டம். அது மாதம் 500 முதல் 1,000 ரூபாய்.

இரண்டையும் கூட்டினால் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய். வருஷத்துக்கு 12 ஆயிரம் முதல் 18 ஆயிரம்! டயர் வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு பெட்ரோல் பங்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

புது டயர் போட்டதும் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயல்புதான். புது டயரில் ரப்பர் கனம் அதிகம், தேயத் தேய லேசாக உருளும். அதற்காக மொட்டை டயரில் ஓட்டக் கூடாது. காருக்கு டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். மழை நாளில் மொட்டை டயர் பிரேக்குக்கு நிற்காது.

பெரிய வீல், பெரிய செலவு

பந்தாவுக்காக பெரிய அலாய் வீல் மாட்டுபவர்கள் பிரியஸ் காரின் கதையைக் கேட்க வேண்டும். 2023-ம் ஆண்டு அமெரிக்காவில் வந்த புதிய பிரியஸில், 17 இஞ்ச் வீல் போட்ட மாடலுக்கு அரசு சோதனையில் கிடைத்த மைலேஜ் கேலனுக்கு 57 மைல். நம்ம கணக்கில் லிட்டருக்கு 24.2 கி.மீ. அதே என்ஜின், அதே பேட்டரி, 19 இஞ்ச் வீல் போட்ட விலை உயர்ந்த மாடலுக்கு 52 மைல்தான். லிட்டருக்கு 22.1 கி.மீ. அந்த மாடலின் எடையும் சற்று அதிகம். ஆனாலும் 2 கி.மீ. இறங்கியதில் வீலுக்கும் டயருக்கும் முக்கிய பங்கு உண்டு. காசு அதிகம் கொடுத்து வாங்கியவருக்குத்தான் மைலேஜ் கம்மி!

காற்று பிடிப்பதில் நடக்கும் தப்பு

டயர் பஞ்சர் ஆகாவிட்டாலும் மாதம் 1 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று தானாக இறங்கும். மூன்று நான்கு மாதம் கவனிக்காமல் விட்டால் கண்ணுக்குத் தெரியாமலே 4 பி.எஸ்.ஐ. வரை போய்விடும். இன்றைய ரேடியல் டயரைப் பார்த்தாலும் தெரியாது, காலால் உதைத்துப் பார்த்தாலும் தெரியாது. மீட்டர் வைத்தால்தான் தெரியும்.

டிரிப் முடித்து, டயர் சூடாக இருக்கும்போது காற்று பார்ப்பது பலர் செய்யும் தப்பு. ஓடிய டயருக்குள் காற்று விரிந்து மீட்டர் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். “காத்து ஜாஸ்தியா இருக்கு” என்று பிடுங்கி விடுவார்கள். ராத்திரி டயர் ஆறியதும் உண்மையில் காற்று குறைந்து நிற்கும். மறுநாள் காலையில் குறைந்த காற்றோடுதான் வண்டி கிளம்பும். வண்டி 3 மணி நேரமாவது நின்ற பிறகு, அல்லது ஒன்றரை கி.மீ.க்குள் ஓடியிருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு.

எவ்வளவு வைக்க வேண்டும்? டிரைவர் பக்கம் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவுதான் சரி. முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என்று வேறு வேறாகவும் இருக்கும். பழைய பிரியஸ் காருக்கு முன்னால் 35, பின்னால் 33. டயரின் பக்கவாட்டில் அச்சடித்த நம்பர் அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு. அதைப் பார்த்து காற்று அடிக்கக் கூடாது.

“அப்போ 40, 45 வெச்சா மைலேஜ் இன்னும் கிடைக்குமே” என்று கேட்பவர்களும் உண்டு. கொஞ்சம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ரோட்டைப் பிடிக்கும் இடம் சுருங்கும், நடு பட்டன் மட்டும் தேயும், ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். பத்து ரூபாய் பெட்ரோல் மிச்சம் பிடிக்க உயிரை வைத்து விளையாட முடியாது. குறைந்த காற்றிலும் இதே ஆபத்து உண்டு. பை-பாஸில் வேகமாகப் போகும்போது டயர் அதிகமாகச் சூடேறினால் வெடிக்கவும் செய்யும்.

லைட் எரியும்னு காத்திருக்காதீங்க

சில மாடல்களில் காற்று குறைந்தால் மீட்டரில் மஞ்சள் லைட் எரியும். அது ஆபத்தைச் சொல்லும் லைட், மைலேஜைக் காப்பாற்றும் லைட் இல்லை. அமெரிக்க விதிப்படி, சொல்லப்பட்ட அளவில் இருந்து 25 சதவீதம் குறைந்தால்தான் லைட் எரிந்தாக வேண்டும். 35 வைக்க வேண்டிய டயர் 26-க்கு இறங்கும் வரை அது பேசாமல் இருக்கலாம். அதற்குள் எத்தனை லிட்டர் போயிருக்கும்?

நைட்ரஜன் காற்று அடித்தால் கவலை இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2006 செப்டம்பரில் தொடங்கி ஓராண்டு சோதித்தது. 30 பி.எஸ்.ஐ. வைத்த டயர்களில் சாதாரண காற்று சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இறங்கியது, நைட்ரஜன் 2.2 இறங்கியது. வித்தியாசம் அவ்வளவுதான். காசு கொடுத்து நைட்ரஜன் அடித்தாலும் செக் பண்ணாமல் இருக்க முடியாது.

இதை மட்டும் செய்யுங்க

* 15 நாளுக்கு ஒரு தடவை, காலையில் வண்டி எடுக்கும் முன் நான்கு டயரிலும் காற்று பாருங்கள். ஸ்டெப்னியை மறக்காதீர்கள்.

* பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

* டயர் மாற்றும்போது கம்பெனி போட்ட அதே சைஸ், லேசாக உருளும் ரகம் கேளுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் கொடுக்கும் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு டயருக்கும் ஸ்டார் திட்டம் வைத்துள்ளது. கடையில் விசாரியுங்கள்.

* ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பாருங்கள். சக்கரம் கோணலாகப் போனாலும் பெட்ரோல் குடிக்கும்.

* இத்தனையும் சரியாக இருந்தும் மைலேஜ் ஏறவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். டொயோட்டா, மாருதி ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கி.மீ. வாரண்டி தருகிறார்கள். டாக்சி வண்டி என்றால் நிபந்தனையை வாரண்டி புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று பார்க்க ஆகும் நேரம் 5 நிமிஷம், செலவு பூஜ்யம். பேட்டரி என்று பயந்து ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டாம். டிரைவர் மேல் சந்தேகப்படும் ஓனரும், அடுத்த தடவை பெட்ரோல் பில்லைக் கேட்பதற்கு முன்னால் காற்று மீட்டரை ஒரு தடவை வைத்துப் பார்க்கட்டும்.