இரக்கப் பணம் வேண்டாம். உரிய நட்டஈடு வேண்டும்

2009ஆம் ஆண்டில் ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாகனங்கள் பெருகின, வேகமும் பெருகிற்று. 2016 டிசம்பரில் சாவகச்சேரிச் சங்கத்தானையில் வேனும் பஸ்ஸும் மோதிப் பல உயிர்கள் பலியான கோரத்தை நாம் மறக்கவில்லை. ஆனால், பத்திரிகையில் இடம்பெறாத விபத்துக்கள் எத்தனை! விடியற்காலையில் மரக்கறி மூட்டையுடன் மருதனார்மடம் சந்தைக்குச் சைக்கிளிற் செல்லும் கமக்காரரைக் கார் ஒன்று மோதிவிடுகிறது. கால் முறிந்து அவர் ஆஸ்பத்திரியிற் கிடக்க, தோட்டத்து வெங்காயம் நீரின்றி வாடுகிறது.

அடுத்து நடப்பதென்ன? “நடந்தது நடந்துவிட்டது, பகை எதற்கு?” என்று சமாதானம் பேசப்படுகிறது. சில ஆயிரம் ரூபா கைமாறுகிறது. முழுத் திருப்தி என்று எழுதிய கடதாசியிற் கையொப்பமும் பெறப்படுகிறது. பின்னர் வழக்குத் தொடரும் வழியை அக்கையொப்பமே அடைத்துவிடக்கூடும்.

சாரதி நீதிமன்றத்தில் தண்டம் கட்டினால் விடயம் முடிந்ததென்று எண்ணுவோரும் உளர். தண்டம் அரசாங்கத்துக்குரியது, காயப்பட்டவரின் இழப்பு அதனால் நிரம்புமா?

சட்டம் நம்மைக் கைவிடவில்லை. கவனயீனத்தால் விளைந்த நட்டத்தைக் கோர நமது ரோமன் - டச்சுச் சட்டம் இடமளிக்கிறது. மருத்துவச் செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், உடல் வேதனை ஆகிய யாவும் கோரத்தக்கவை. வேலைக்கமர்த்திய சாரதி தன் கடமையின்போது இழைத்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பாளியாவார். காயப்பட்டவரிடத்திலும் சிறிது தவறு இருந்தால் உரிமை அற்றுப்போவதில்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பங்குக்கேற்பத் தொகை மட்டுமே குறையும்.

“காரோட்டி ஏழை, அவரிடம் என்ன கிடைக்கும்?” என்பது சிலர் வாதம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது இதற்காகவே. மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ நீதிமன்றம் விதிக்கும் நட்டஈட்டைக் காப்புறுதிக் கம்பெனி செலுத்த வேண்டும். ஆனால், வழக்குத் தொடரும் முன்போ தொடர்ந்து ஏழு நாட்களுக்குள்ளோ கம்பெனிக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரவும் வேண்டும். ஆறப்போட்டவர் உரிமையை இழப்பார்.

ஆகவே, வாகன இலக்கத்தையும் சாட்சிகளின் பெயர்களையும் உடன் குறித்துக்கொள்க. ஆஸ்பத்திரித் துண்டுகளைப் பேணுக. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளப் பத்திரம் உண்டு. கமக்காரர் தம் வருமானத்தை எதனால் நிரூபிப்பார்? சந்தைத் துண்டுகளே அவருக்குச் சாட்சி. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்திற் கையொப்பமிடாதீர். வடக்கில் நிர்வாகமும் நீதிமன்றமும் தமிழில் நடைபெற 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உரிமை தந்திருக்கிறது.

கற்றவர்க்கு ஒரு வேண்டுகோள். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கமக்காரர் சங்கங்களுக்குச் சென்று இவற்றை எடுத்துரைக்க வேண்டும். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடும் வழியைக் காட்ட வேண்டும். பிறர் தவறால் முடங்கிய உழைப்பாளி கையேந்தி நிற்கலாகாது. தமக்குரியதைக் கேட்டுப் பெறட்டும்.