பால் காய்ச்சுமுன் ஒரு வாளி தண்ணீர்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் புது வீடு வாங்கிச் சாவியும் கைக்கு வந்துவிட்டதா, சகோதரி? சந்தோஷம்! சாமான்கள் வந்து சேருமுன் ஒரு காரியம் செய்யுங்கள். குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் கொட்டுங்கள். வாட்டம் சரியென்றால் தேங்காமல் ஓடிவிடும். தரைக் கற்களை நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளென்று ஓசை கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை.

மேஸ்திரியிடம் சொன்ன வாய் வார்த்தை காற்றோடு போய்விடும். கட்டி விற்ற கம்பெனிக்குத் தேதியிட்டு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் நீங்கள் தெரிவிக்கும் கட்டுமானக் குறையை 30 நாளில், காசு வாங்காமல் சரிசெய்து தருவது அவர்கள் கடமை. தட்டிக் கழித்தால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம்.

கேட்கக் கூச்சமா? ஆயுள் சேமிப்பைக் கொட்டிக் கொடுத்தவர் நீங்கள். ஐப்பசி மழையில் ஒழுகப்போவதும் உங்கள் வீடுதானே!