எலியின் மூக்கும் செம்பனைத் தோட்டமும்

ஜொகூர் செம்பனைத் தோட்டங்கள் எலிக்கு நஞ்சு வைத்தே பழகிவிட்டன. மலேசியாவில் முதலில் கைகொடுத்தது வார்பரின்; அதைத் தின்றும் சாகாத எலிகள் 1980களில் தலையெடுத்தன. அடுத்து வந்த கடும் நஞ்சு எலியைத் தின்ற ஆந்தையையும் பதம் பார்த்தது. எலி பிடிக்கவென்று பெட்டி கட்டி ஆந்தையைக் குடிவைத்துவிட்டு அதன் இரையில் நஞ்சைக் கலப்பது என்ன கணக்கோ! எலியின் வயிற்றைக் குறிவைத்தது போதும், அதன் மூக்கைக் கவனிக்கலாம் என்பதே என் வாதம்.

பெண் எலி துணையைத் தேர்வதில் மோப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆண் சுண்டெலியின் சிறுநீரில் உள்ள ஒரு புரதத்தை 2010இல் அடையாளம் கண்ட லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜேன் ஆஸ்டினின் நாயகன் டார்சியை நினைத்து அதற்கு டார்சின் என்று பெயரிட்டார்கள். அதை ஒருமுறை முகர்ந்த பெண் சுண்டெலி, அந்த ஆணின் வாசனையோடு முகர்ந்த இடத்தையும் இரண்டு வாரம் வரை மறப்பதில்லை. அங்கேயே திரும்பி வருகிறது. பொறி வைப்பவருக்கு வேறென்ன வேண்டும்? வாசனை ஆணின் உடல்நலத்துக்குச் சான்று, அதில் போலி எடுபடாது என்று சிலர் சொல்லலாம். கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அஜய் வியாஸ் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி தொற்றிய ஆண்களையே பெண் எலிகள் அதிகம் நாடின. விந்து வழியாக நோயையும் வாங்கிக்கொண்டன. தொற்று ஆணின் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது, சிறுநீரில் வாசனைப் புரதங்களைப் பெருக்குகிறது என்று பின்னர் தெரிந்தது. ஒற்றைச் செல் உயிரி செய்யும் இந்த வேலையை வேதியியலாளர் செய்ய முடியாதா?

ஆய்வுக்கூட எலி வேறு, தோட்டத்து எலி வேறு என்பது சரியான ஆட்சேபம். இனத்துக்கு இனம் வாசனை மாறும். சுண்டெலியின் டார்சினைக் கொண்டுவந்து செம்பனை மரத்தடியில் தெளித்துப் பயனில்லை. நம் தோட்டத்து எலியின் வாசனையை இங்கேதான் ஆராய வேண்டும். ஆனால் ஓரினத்தை மட்டும் இழுப்பதுதான் இதன் பலமும்கூட. நஞ்சுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. சில எலிகளைப் பிடித்தால் மிச்சம் பெருகிவிடுமே என்பது அடுத்த கேள்வி. ஆண்களைப் பிடித்தால் அப்படித்தான், ஓர் ஆண் பல பெண்களுக்குப் போதும். இனப்பெருக்க வயதுப் பெண் ஒன்று சிக்கினால் அது ஈனவிருந்த குட்டிகளும் இல்லாமல் போகும். ஆணின் வாசனை இழுப்பது அதைத்தான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து எலி வந்து நிரப்புவதை மட்டும் வாசனையால் தடுக்க முடியாது, அதற்கு ஆந்தை வேண்டும். நஞ்சுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, சில பிளாக்குகளில் வாசனைப் பொறியையும் ஆந்தையையும் சேர்த்துச் சோதிக்கலாம். செத்த எலிகளை எண்ணாமல், புதிதாகக் கடிபட்ட பழக்குலைகளை எண்ணிப் பலனைக் கணக்கிடலாம்.