ஹந்தானையிலிருந்து லூல்கந்துரை வரை: இது யாருடைய ரூட்?

கண்டியில் மலைச் சைக்கிள் ஓட இடம் தேடுகிறவர்கள் ரொம்ப தூரம் போகத் தேவையில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தால் ஏறுகிற ஹந்தானை ரோட்டைப் பிடித்தால் போதும். நாலு கிலோமீற்றர் அளவில் மூச்சு வாங்க ஏறினால் தேயிலை மியூசியம். 1925இல் கட்டிய ஸ்டோர் அது, 2001இல்தான் மியூசியம் ஆனது. அதற்கு அங்கால் தேயிலைக்குள்ளாலேயே கலஹா வரைக்கும் போகலாம். கலஹாவிலிருந்து தெல்தோட்டைப் பக்கமாக ஏறிக்கொண்டே போனால் லூல்கந்துரை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். கண்டி டவுன் கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் உயரம், லூல்கந்துரையின் மேல் மலைகளோ 1,000 மீற்றருக்கும் மேலே. தொடைக்கு நல்ல வேலை, கண்ணுக்கும் குறை இல்லை.

இந்த ரூட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்போது நிறைய. காரணம் பீகோ ட்ரெயில். ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிற, 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நடைபாதை. மொத்தம் 22 கட்டம். முதல் கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹா, இரண்டாவது கலஹாவிலிருந்து லூல்கந்துரை. நடக்கிறவர்களுக்காக அமைத்தது என்றாலும் பல இடங்களில் அது தோட்டத்து வண்டி ரோட்டுதான். ஆகவே சைக்கிளும் வருகிறது. இனி இன்னும் வரும்.

வரட்டும். சந்தோஷம்தான். நாங்களும் சைக்கிள் ஓடுகிறவர்கள். ஆனால் இந்த ரூட்டைப் பற்றி வருகிற வீடியோக்களிலும் குறிப்புகளிலும் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு சொல் இருக்கிறது: "யாருக்கும் தெரியாத பாதை". அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

யாருக்குத் தெரியாது?

தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வகைப் பாதை உண்டு. ஒன்று வண்டி ரோட்டு. கொழுந்தை ஸ்டோருக்குக் கொண்டுபோக வெட்டியது. பாரம் ஏற்றிய வண்டி ஏற வேண்டும் என்பதால் மலையை வளைத்து வளைத்து, சாய்வு கூடாமல் போகும். மற்றது குறுக்கு. அதை யாரும் திட்டம் போட்டு வெட்டவில்லை. மலைக்குப் போகிற பெண்களும், ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகளும், பீலிக்கரைக்குத் தண்ணிக்குப் போனவர்களும் நடந்து நடந்து தேய்த்தது. வளைவுகளை நேராக அறுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கும்.

மலைச் சைக்கிள்காரருக்கு இது இரண்டும் அளந்து தைத்த மாதிரி. ஏறுவதற்கு வண்டி ரோட்டு, இறங்குவதற்குக் குறுக்கு. 'சிங்கிள் ட்ரெக்' என்று ஆசையோடு சொல்வது பெரும்பாலும் எங்கள் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிற குறுக்கைத்தான். தெரியாத பாதை என்றால், தினமும் காலை ஆறரைக்கு அதில் இறங்குகிற அந்தப் பிள்ளை யார்?

1820களில் கோப்பித் தோட்டங்களுக்கென்று ஆட்கள் வரத் தொடங்கியதிலிருந்தே இந்த மலைகளில் பாதை போட்ட கை எங்கள் ஆட்களுடையது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023இல், வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குத் திரும்ப நடந்தபோது இந்த நாடு அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தது. காடு வெட்டி, கல் உடைத்து, கான் வெட்டி, ரோட்டுப் போட்டு, கோப்பி நட்டு, கோப்பியை இலை நோய் தின்ற பிறகு தேயிலை நட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே ரோட்டோரத்தில்தான் இருக்கிறார்கள். டெய்லருக்கு மஹியாவ மயானத்தில் கல்லறை இருக்கிறது, லூல்கந்துரையில் அவர் உட்கார்ந்த கல்லுக்குக்கூட அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்களில் ஒருவருடைய பெயரை எந்தப் பலகையிலும் நாங்கள் பார்க்கவில்லை.

இதைச் சொன்னால் சிலர், "ஏங்க, டூரிஸ்ட் வந்தா நாலு காசு வரும்தானே, அதையும் கெடுக்கப் பார்க்கிறீங்களா?" என்பார்கள். இல்லை. காசு வரணும் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். அது எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் கேள்வி. கண்டியில் ரூம், கண்டியில் சைக்கிள் வாடகை, கண்டியிலிருந்து வருகிற கைட், ராத்திரிச் சாப்பாடும் கண்டியில். தோட்டத்துக்குள் அந்த ஆள் ஆறு மணித்தியாலம் இருக்கிறார், ஒரு பிளேன்டிக்கும் ரெண்டு ரொட்டிக்கும் செலவழிக்கிறார். சில நேரம் அதுவும் இல்லை, ஏனென்றால் ரோட்டோரத்தில் கடை இருப்பதே மேப்பில் இல்லை.

மேப்பில் இல்லாதது கடை மட்டும் இல்லை. மேக்கணக்கு, பணியக்கணக்கு, இத்தனையாம் நம்பர் மலை, பிரட்டுக்களம், கோவில் முடக்கு என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பெயர் இருக்கிறது. பல தோட்டங்களுக்கே இங்கிலீஷ் பெயர் ஒன்று, நம்ம வாயில் வழங்குகிற தமிழ்ப் பெயர் ஒன்று. செயலியில் பார்த்தால் வெறும் பச்சை, நடுவில் ஒரு கோடு. பனி மூடி வழி தவறினால் அந்தக் கோடு உதவாது. "பிள்ளையார் கோவிலுக்கு மேல நிக்கிறோம்" என்று சொல்லத் தெரிந்தால் லயத்திலிருந்து யாராவது டோர்ச்சோடு வருவார்கள்.

அடுத்தது ரோட்டு. மலைச் சைக்கிள்காரர் நல்ல ரோட்டைத் தேடுவதில்லை. கல்லும் குழியும் இருந்தால்தான் அவருக்கு ருசி. பிழை இல்லை, அதற்காகத்தானே முன் சக்கரத்தில் சஸ்பென்ஷன் இருக்கிறது. ஆனால் அதே கல் ரோட்டில்தான் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைத் த்ரீவீலரில் இறக்க வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு கொட்டிய மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மண் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இந்த மாவட்டத்தில் மட்டும் செத்தார்கள், ரோட்டுகள் துண்டு துண்டாகின. தோட்டத்து ரோட்டு கெட்டால், "கம்பனி பார்க்கணும்", "பிரதேச சபை பார்க்கணும்" என்று பந்து அங்கும் இங்கும் போகும். அதற்கிடையில் யாராவது வந்து, "ரோட்டு இப்படியே இருக்கட்டும், அழகா இருக்கு" என்றால் எங்களுக்குச் சிரிப்பு வராது.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். தேயிலை மலையில் குறுக்கே போகிற கான்கள் சும்மா வெட்டியவை இல்லை. மழைத் தண்ணி மண்ணை அள்ளிக்கொண்டு நேரே கீழே ஓடாமல், பக்கவாட்டில் பிரித்துக் கொண்டுபோகத்தான் அவை. செங்குத்தான குறுக்கில் பின் பிரேக்கை இறுக்கிச் சறுக்கிக்கொண்டு இறங்கினால் சக்கரம் ஒரு கோடு கீறும். அடுத்த மழைக்குத் தண்ணி கானை விட்டுவிட்டு அந்தக் கோட்டில் ஓடும். பத்துப் பேர் இறங்கினால் கோடு வாய்க்காலாகும். வாய்க்காலுக்குக் கீழே இருப்பது லயம். ஹந்தானை மலைத்தொடரை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்ததும் சும்மா இல்லை.

அப்போ என்னதான் செய்யலாம்?

முதலில், ஓடுகிறவர்கள் கைக்கொள்ள வேண்டிய சின்னச் சின்ன விஷயங்கள். ஸ்கூல் தொடங்குவதற்கு முன்னும், ஒன்றரைக்கு ஸ்கூல் விட்ட பிறகும் குறுக்குகளில் இறங்க வேண்டாம். கொழுந்து நிறுக்கிற நேரம் தலையில் சாக்கோடு வருகிறவர்களுக்கு நின்று வழி விட வேண்டும். அவர்களால் சட்டென்று ஒதுங்க முடியாது, சைக்கிளை நிறுத்த உங்களால் முடியும். லயத்து வாசலுக்குள்ளால் போகும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போங்க. அது ரூட் இல்லை, ஒருவருடைய முற்றம். மழை பெய்து மண் ஊறிய நாளில் வண்டி ரோட்டோடு நில்லுங்க. கேட்காமல் கமராவைத் தூக்காதீங்க.

இரண்டாவது, வழிகாட்டுகிற வேலை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வர வேண்டும். ஏ.எல். எழுதிவிட்டு கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் நிறைய. மலையை அவர்களைவிடத் தெரிந்த ஆள் இல்லை. இல்லாதது சைக்கிளும் பயிற்சியும்தான். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் கியர் வைத்த ஒரு சைக்கிள் என்றால் மாதக்கணக்கில் உழைத்த காசு. நேபாளத்தில் ராஜேஷ் மகர் என்ற பையன் பழைய இரும்புச் சாமானைப் பொருத்தித் தானே ஒரு சைக்கிள் செய்து ஓடப் பழகி, பிறகு தேசிய சம்பியன் ஆனான். 'ஆர்ஜே ரிப்பர்' என்ற குறும்படத்தில் அவனைப் பார்க்கலாம், பாருங்க. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் அப்படி ஒரு அதிசயம் செய்துதான் மேலே வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. தோட்டத்துக்கு நாலு சைக்கிள், ஒரு பஞ்சர் ஒட்டுகிற பெட்டி, முதலுதவிப் பயிற்சி, கொஞ்சம் இங்கிலீஷ். இதற்குப் பெரிய காசு தேவையில்லை. சுற்றுலாச் சபைக்கும் கண்டி ஹோட்டல்காரர்களுக்கும் மனசுதான் தேவை.

மூன்றாவது, பாதையால் வருகிற வருமானத்தில் ஒரு பங்கு பாதைக்கே திரும்பணும். பீகோ ட்ரெயிலுக்கு ஐரோப்பிய ஒன்றியமும் யூ.எஸ்.எய்டும் உதவின. அந்த யூ.எஸ்.எய்ட் 2025இல் மூடப்பட்டது. உதவிக்காரர் வருவார், போவார். கான் அடைத்தால் மண்வெட்டியோடு போகிறவர் பக்கத்து லயத்துக்காரர்தான். அவருக்கு அது கூலி கிடைக்கிற வேலையாக இருக்கட்டும், சிரமதானமாக வேண்டாம்.

பெயர்களை நாமே இன்றைக்கே தொடங்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் யாரும் எழுதித் திருத்தக்கூடிய வரைபடம். போனில் அதைத் திறந்து, உங்கள் தோட்டத்தின் கோவில், பீலி, கடை, முடக்கு எல்லாவற்றையும் தமிழில் போடுங்க. அம்மம்மாவிடம், தாத்தாவிடம் கேட்டால் உங்களுக்குத் தெரியாத பெயர் இன்னும் பத்து வரும். அடுத்த மாதம் ஹந்தானையிலிருந்து கலஹா வரை நாங்கள் இந்த வேலையைச் செய்யப் போகிறோம். சைக்கிள் இல்லாதவர்கள் நடந்து வாங்க. லீச் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுவாங்க, மத்தியானச் சாப்பாடு ரோட்டோரக் கடையில்தான்.